சிவப்பு டேப் ஒட்டிய ஹெட்போன்கள்

டமால்!

ஃபோர்க்லிஃப்ட்டின் பின்பக்கம் இரும்புத் தொட்டியில் மோதியது. தொட்டி கவிழ்ந்தது. வட்ட வட்டமாக வெட்டி அடுக்கியிருந்த தகடுகள் சிமெண்ட் தரையில் சிதறி, சில தகடுகள் சக்கரம் மாதிரி உருண்டு மூன்றாம் நம்பர் பிரஸ் வரைக்கும் ஓடிச் சுழன்று படுத்தன. பிரஸ் ஷாப்பில் இருந்த இருபத்திரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியாகத் திரும்பியவன் முனிராஜ். அதுவும் காலில் சுரீரென்று எரிந்ததால் திரும்பினான். ஒரு தகடு உரசியதில் கெண்டைக்காலில் பேண்ட் கிழிந்து, ரத்தம் ஷூவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

வண்டியிலிருந்து கமலக்கண்ணன் குதித்து ஓடி வந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணே! எத்தனை வாட்டி ஹாரன் அடிச்சேன்! ரிவர்ஸ் போட்டா வண்டியே கீங்கீங்னு கத்துதுல்ல? நகரவே மாட்டேங்கிறீங்களேண்ணே! நான் ஒடிச்சுத் திருப்பலைன்னா இந்நேரம் உங்களை அங்கிட்டு வாரிப் போட்டிருக்கணும்!"

"என்னா ஹாரனு? எப்ப அடிச்ச?" என்றான் முனிராஜ்.

கமலக்கண்ணன் அவன் முகத்தையே பார்த்தான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஒன்பது வருடமாக இந்த ஷாப்பில் வண்டி ஓட்டுகிறவன். அண்ணன் கிண்டலுக்குக் கேட்கிறாரா, நிஜமாகக் கேட்கிறாரா என்று அவனுக்குப் புரியவில்லை.

அதற்குள் சூப்பர்வைசர் செல்வம் வந்துவிட்டார். முதலில் தகடுகளைப் பார்த்தார், அப்புறம் தொட்டியைப் பார்த்தார், அதற்கப்புறம்தான் காலைப் பார்த்தார்.

"யோவ், காது என்னா அடமானத்துலயா இருக்குது?" என்றார்.

காலுக்கு மூன்று தையல். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஹாரன் கேட்கவில்லை என்று செல்வம் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டதால், மறுநாள் சிப்காட் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குக் காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

கண்ணாடி போட்ட சின்ன அறை. ரேவதி என்ற பெண் அவன் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "பீப்னு சத்தம் கேட்டா அமுக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள். நாலைந்து தடவை அமுக்கியதோடு முனிராஜ் பட்டனை மறந்துவிட்டான். ஹெட்போனின் கருப்பு ரப்பர் மெத்தையைத் தடவினான், தலைப்பட்டையின் இழுப்பைப் பார்த்தான், கேபிள் எந்தப் பக்கம் நுழைகிறது என்று விரலால் தேடினான்.

ரேவதி கதவைத் திறந்தாள். "அண்ணா, சத்தம் போயிட்டே இருக்குது. நீங்க ஹெட்போனைத் தடவிட்டு உக்காந்திருக்கீங்க."

"மொதல்ல நாலஞ்சு வந்துச்சு, அமுக்கினேன். அப்பறம் ஒண்ணும் வரலியேம்மா."

"இப்பவும் வருதுங்கண்ணா."

"இல்லம்மா. உங்க செட்டுல ட்ரெபிள் போயிடுச்சு. மேல் சத்தம் சுத்தமா வரல. எங்க வூட்டுலயும் நாலஞ்சு செட்டு இப்புடித்தான் ஆயிப்போச்சு. உள்ள சவுண்டு குடுக்கற டிரைவர மாத்தச் சொல்லுங்க."

ரேவதி அதைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, வெளியே எட்டி ஒரு விசையைத் தட்டினாள். "நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா" என்றாள் மெதுவாக. பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடிவிட்டு, "போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் உங்க கம்பெனிக்கு வேன் எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் டெஸ்ட் பண்ணோமே, ரிப்போர்ட் உங்க கைக்குத் தரலியா? அப்பவே ரெண்டு காதும் எறங்கியிருக்குது" என்றாள்.

தரவில்லை. யாருக்கும் தரவில்லை.

முனிராஜுக்கு நாற்பத்தொரு வயது. குந்தாரப்பள்ளி பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். ஐ.டி.ஐ. முடித்து ஓசூருக்கு வந்து, பதினான்கு வருடமாக அதே கம்பெனியில், பத்து வருடமாக அதே மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் நிற்கிறான். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால் இருநூற்றைம்பது டன் எடை இறங்கி ஒரு தகட்டை வளைக்கும். ஒரு ஷிஃப்ட்டுக்கு நாலாயிரம் அடி. காதில் அடைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறப் பஞ்சு கொடுப்பார்கள். ஆடிட் வருகிறது என்றால் புதுசு வரும். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும், மிச்சப் பாக்கெட்டுகள் ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிப் போகும். அடுத்த ஆடிட் வரை பழைய பஞ்சையே கழுவிக் கழுவி அடைத்துக்கொள்ள வேண்டியதுதான். கழுவினால் அது கல் மாதிரி இறுகி, காதுக்குள் நிற்காமல் கீழே விழும்.

இப்படிப்பட்டவனுக்கு ஹெட்போன் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்கலாம். குந்தாரப்பள்ளிச் சந்தையில்தான் பிடித்தது. மாட்டுச் சந்தைக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, பெங்களூரிலிருந்து வரும் கழிவுச் சாமான்களைக் கொட்டி வைத்திருப்பார்கள். உடைந்த மிக்ஸி ஜார், ரிமோட்டு, கரண்ட் வயர். அந்தக் குவியலில் மஞ்சள் நுரை வைத்த ஒரு ஹெட்போன் கிடந்தது. இரண்டு கிலோ தக்காளி விலைக்கு வாங்கி வந்தான். தொட்டதும் நுரை உதிர்ந்தது. குளிக்கிற ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி அதற்குப் பதில் வைத்தான். அறுந்த வயரைப் பற்றவைத்து, சந்தையிலேயே கிடைத்த ஒரு சின்ன சிடி பிளேயரில் சொருகினான். கோயில் திருவிழா நாதஸ்வரக் கச்சேரி சிடி. வாசிக்கிறவர் சீவாளியில் வாய் வைக்கும் முன் மூச்சை இழுத்தது கேட்டது. முனிராஜ் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் யாருமில்லை.

அன்றிலிருந்துதான். இப்போது வீட்டில் பதினொரு செட் இருக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஜப்பான். எல்லாம் அவன் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், அவன் பிறப்பதற்கும் முன்னால், பெரிய ஸ்டூடியோக்களுக்குச் செய்தவை. எதையும் முழுசாக வாங்கியதில்லை. உடைந்ததை வாங்கி, ஒன்றின் பட்டையை இன்னொன்றுக்கு மாட்டி, தோல் மெத்தையை செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்து, ஒவ்வொன்றாக உயிர் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். மஞ்சக்காது, ஜப்பான்காரி, மொட்டத்தலை என்று.

எந்த செட் ஆனாலும் அவன் கேட்பது அதே கச்சேரியைத்தான். அதில் ஒரு இடத்தில் தவில் நின்று, ஜால்ரா மட்டும் ஒரு தடவை தட்டும். நல்ல செட்டில் அந்த ஓசை உடனே அறுந்து போகாது. நூல் மாதிரி நீண்டு, மெலிந்து, போய்க்கொண்டே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அந்த நூலின் பின்னாலேயே போவான். அது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் அவனுக்கு சுகம்.

இரண்டு வருடமாக அந்த நூல் கிடைக்கவில்லை. தட்டின உடனே அறுந்தது. முதலில் மஞ்சக்காதில். பழசாகிவிட்டது என்று நினைத்து, ஜப்பான்காரியை எடுத்தான். அதிலும் அறுந்தது. காந்தம் வீக் ஆகிவிட்டதோ என்று திறந்து பார்த்தான், துடைத்தான், புதுசாகப் பற்றவைத்தான். ஒன்றும் சரிப்படவில்லை. செத்துப்போனது என்று தெரிந்த செட்டுக்கெல்லாம் சிவப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி வைத்தான். பதினொன்றில் ஆறுக்கு ஒட்டியாகிவிட்டது.

போன வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனி மலர் போட்டார்கள். "நம் தொழிலாளரின் பொழுதுபோக்கு" என்று ஒரு பக்கம். முனிராஜ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற போட்டோ. கீழே கொட்டை எழுத்தில், "தினமும் நாலு மணி நேரம் ஹெட்போனில் இசை கேட்பேன்!" மலரை வாங்கி வந்து, கட் பண்ணி, ஃபிரேம் போட்டு மாட்டினான்.

காது ரிப்போர்ட் வந்த மறுநாள், எச்.ஆர். மேனேஜர் ஹரீஷ்குமார் அவனை மாடிக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் அதே மலர் அதே பக்கத்தில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் டைப் அடித்த ஒரு காகிதம்.

"நாங்க உங்களுக்கு எதிரா இல்ல முனிராஜ்" என்று ஆரம்பித்தார்.

இப்படி ஆரம்பிக்கிறவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று பதினான்கு வருடம் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா?

காகிதத்தில் இருந்தது இதுதான். வீட்டில் நீண்ட நேரம் ஹெட்போன் பயன்படுத்தியதால் என் செவித்திறன் குறைந்துள்ளது. இதற்கும் என் பணிக்கும் தொடர்பில்லை. நடந்த விபத்துக்கு நானே பொறுப்பு. கையெழுத்துப் போட்டால் ஸ்டோர் ரூமில் பகல் ஷிஃப்ட் வேலை. போடாவிட்டால், மெடிக்கல் அன்ஃபிட் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"திங்கட்கிழமை என்கொயரி. அதுக்குள்ள யோசிச்சு வாங்க" என்றார் ஹரீஷ்குமார்.

மூக்கண்டப்பள்ளியில் வரிசை வீடு. இரண்டு அறை, ஒரு அடுப்படி. வியாழனிலிருந்தே தூறல் விடவில்லை; ஓசூர்க் குளிர் சுவரில் ஈரமாய் இறங்கியிருந்தது. மனைவி மாதேஸ்வரி களி கிண்டிக்கொண்டிருந்தாள். பாகலூர் ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்தின் பாலி ஹவுஸில், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் அவளுக்கு வேலை. விரலெல்லாம் முள் கீறின தழும்பு. துடுப்பைக் கையில் பிடித்தபடியே காகிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். மகள் அனுப்ரியா படித்தாள். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.

"போட்டுடு மாமா" என்றாள் மாதேஸ்வரி.

"என்னாது?"

"கையெழுத்தப் போட்டுடுன்னேன். ஸ்டோர்ல ஒக்காந்து வேல. நைட்டு ஷிஃப்டு இல்ல. கால ஒடச்சிக்கினு வர்ற வேல எதுக்கு? அதுல என்னா பொய்யா எழுதியிருக்குது? எந்நேரமும் அந்த எழவ மாட்டிக்கினு ஒக்காந்திருக்கல?"

"எந்நேரமும் எங்கடி ஒக்காந்தேன்? அரை மணி நேரம்."

"அப்ப எதுக்கு நாலு மணி நேரம்னு பேட்டி குடுத்த? பெரிய சினிமாக்காரன் பாரு! ரெண்டு வருசமா நான் கூப்புட்டா திரும்புறியா? குக்கர் விசிலு போயி அடி புடிச்சு, வூடே பொகையா நிக்குது, நீ பக்கத்துல ஒக்காந்து பேப்பர் படிக்கற. மனுசன் மேல மதிப்பு வேணும் மாமா. பொண்டாட்டி கொரலுன்னா எளக்காரம்!"

களியை உருட்டித் தட்டில் போட்டு, மொச்சைக் குழம்பை ஊற்றி அவன் முன்னால் தள்ளினாள். தள்ளின வேகத்தில் குழம்பு தரையில் தெறித்தது.

அனுப்ரியாதான் எழுந்து போய் ஆணியில் தொங்கிய மஞ்சக்காதை எடுத்தாள். "ஏப்பா, இதுதான் காதக் கெடுத்துச்சா? இவ்ளோ டப்பாவா?" என்று தலையில் மாட்டி சிடி பிளேயரைப் போட்டாள். "ஐய, சத்தமே பத்தல. என் இயர்போன்ல இதவிட பத்து மடங்கு வரும்."

"அத வையி. அது செத்துப்போச்சு. சிவப்பு டேப்பு ஒட்டியிருக்குது பாரு."

"செத்துப்போச்சா? எது?"

"ட்ரெபிளு. அந்த ஜால்ரா தட்டுற எடத்துல பாரு. டிங்குன்னு அறுந்துரும்."

அனுப்ரியா விரலை உயர்த்தி அவனைப் பேசாதிருக்கச் சொன்னாள். அவள் கண் மேலே எங்கோ பார்த்தது. "தட்டிட்டான்... அறுவலியே. போவுது... இன்னும் போவுது..." என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் விரலை மடக்கினாள். "இப்பதான் நின்னுச்சு."

முனிராஜ் கையில் பிசைந்த களி அப்படியே நின்றது.

"ஜப்பான்காரிய எடு" என்றான். கேட்டாள். கேட்டது. அடுத்தது. அதிலும் கேட்டது. ஆறு செட்டையும் ஒவ்வொன்றாக மாட்டினாள். ஆறிலும் அவள் விரல் நிதானமாக மேலே போய், நிதானமாகக் கீழே இறங்கியது.

முனிராஜ் எழுந்து கை கழுவினான். ஆறு செட்டையும் மடியில் போட்டுக்கொண்டு, சிவப்பு டேப்புகளை நகத்தால் உரிக்க ஆரம்பித்தான். "உங்கள எல்லாம் தப்பு சொல்லிட்டு இருந்தேன்" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

மாதேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அப்பன்னா... நான் கூப்புட்டது?"

"கேக்கல மாதேசு. நீ வாயசைக்கறத பாத்தா கொஞ்சம் புரியும். முதுகுக்குப் பின்னால இருந்து கூப்புட்டா ஒண்ணும் வராது. காதுக்குள்ள எந்நேரமும் பூச்சி கத்துது. நான் அது எல்லாருக்கும் கத்தும்னு நெனச்சேன்."

"திமிருன்னு நெனச்சேனே மாமா." காகிதத்தை மகளிடமிருந்து பிடுங்கினாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "பணிக்கும்... தொடர்பில்லை" என்ற இடத்தில் முள் கீறின விரலை வைத்தாள்.

"போன வருசம் மருந்தடிச்ச செடியில எங்கள எறக்கிவுட்டு, எனக்குக் கை ரெண்டும் வெந்து தோலு உரிஞ்சுதே, அப்ப எங்க சூப்பர்வைசரு என்னா சொன்னான்? வூட்டுல என்னா சோப்பு போடறன்னு கேட்டான். சோப்பு! இவனுங்களுக்கு எல்லாம் ஒரே வாத்தியாருதான் பாடம் நடத்தறான் போல. நமக்கு எது கெட்டாலும் அது நம்ம வூட்டுல கெட்டதுதான். அவன் கேட்டுக்குள்ள ஒண்ணும் கெடாது."

"அப்ப?"

"கை வெச்சுப் பாரு இந்தக் காயிதத்துல. அப்பறம் களி கெடையாது உனக்கு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழையில் நனைந்தபடி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கமலக்கண்ணன் வந்தான். காலை மடக்கி உட்காருவதற்குள் மாதேஸ்வரி கேட்டாள்.

"இன்னாப்பா, எங்க மாமாவ ஏத்திக் கொல்லப் பாத்துட்டு வாழப்பழம் கொண்டாந்திருக்க?"

"மதினி, வண்டிய ஒடிச்சதுக்கு எனக்குத்தான் நீங்க பழம் வாங்கித் தரணும்" என்றான். சிரித்துவிட்டு உடனே முகம் மாறியது. "அண்ணே, விஷயம் கேள்விப்பட்டேன். கையெழுத்துப் போட்டுறாதீங்க. மேல பேசிக்கிட்டாய்ங்களாம். உங்ககிட்ட வாங்கிட்டா, அப்படியே பிரிண்ட் எடுத்து அடுத்து நாலாம் நம்பர் பிரஸ்காரன்கிட்ட நீட்டுவாய்ங்க. அவன் பஸ்ஸுல வரும்போது போன்ல பாட்டுக் கேக்கானாம். எவன் கேக்கல? நானுந்தான் இயர்போன் வச்சிருக்கேன். எல்லார் காதும் வீட்டுலதான் கெட்டுச்சுன்னு ஆயிரும்."

"உனக்கும் கேக்கலியா?"

"ராத்திரி படுத்தா விசில் அடிக்குதுண்ணே. ஊருக்குப் போனா அம்மா சொல்லுது, ஏன்டா இப்படிக் கத்திக் கத்திப் பேசுறன்னு."

"நீ எப்பவும் கத்தித்தான் பேசுவ. நான் உங்க ஊரு பாஷையே அப்புடின்னு நெனச்சேன்" என்றான் முனிராஜ்.

கமலக்கண்ணன் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "என்கொயரிக்குத் துணைக்கு ஒரு ஆளு வரலாமாம்ணே. ரூல்ல இருக்கு. என் பேரக் குடுங்க" என்றான்.

"உன் வேலைக்கு ஆபத்துடா."

"எனக்கு ஏற்கெனவே விசில் அடிச்சாச்சுண்ணே" என்றான்.

திங்கட்கிழமை காலை, முனிராஜ் தையல் போட்ட காலை இழுத்து இழுத்து மாடியேறினான். தோளில் ஒரு துணிப்பை. பின்னாலேயே கமலக்கண்ணன். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்து, "ஏன்ணா, என்கொயரிக்குப் பாட்டுக் கச்சேரியா?" என்று சிரித்துவிட்டு உள்ளே விட்டிருந்தான்.

ஹரீஷ்குமார் அறையில் ஏசி ஓடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரஸ் ஷாப் முழுவதும் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. பிரஸ்கள் ஊமைப்படம் மாதிரி இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. செல்வம் ஓரத்தில் நின்றார்.

"யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார். போட மாட்டேன்."

ஹரீஷ்குமார் மலரை அவன் பக்கம் திருப்பினார். "இது உங்க வாயால சொன்னது. நாலு மணி நேரம்."

"அது பெருமைக்குச் சொன்னது சார். அதுக்கு முந்தின மலர்ல டூல் ரூம் கரியப்பன், பழைய காசு சேக்கறவரு, தினமும் ரெண்டு மணி நேரம் காசத் தொடைக்கறேன்னு சொல்லியிருந்தாரு. நான் அவரவிடக் கம்மியாவா சொல்ல முடியும்? நாலுன்னு அடிச்சு வுட்டேன்."

கமலக்கண்ணன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அது உங்க பிரச்சினை. பேப்பர்ல இருக்கறதுதான் எவிடன்ஸ்."

"எவிடன்ஸுன்னா, ரெண்டு வருசமா எங்க காது ரிப்போர்ட்டு உங்க பீரோவுல இருக்குதே, அது என்னா சார்? கிளினிக்குல சொன்னாங்க. எறங்கிட்டே வருதுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் வூட்டுல ஹெட்போன் செத்துப்போச்சுன்னு ஒண்ணொண்ணாக் கழட்டிக்கினு கெடந்தேன்." அவன் குரல் உயர்ந்தது. "ஒரு துண்டுக் காயிதம் சார். உன் காது எறங்குதுடான்னு ஒரு வார்த்த. அத சொல்லியிருந்தா நான் என் காசுல பஞ்சு வாங்கி அடச்சிருப்பேனே!"

ஹரீஷ்குமார் செல்வத்தைப் பார்த்தார். செல்வம் தரையைப் பார்த்தார்.

"அதெல்லாம் தனி விஷயம்" என்றார் ஹரீஷ்குமார் எழுந்துகொண்டே. "முதல்ல ஸ்பாட் போட்டோ எடுக்கணும். வாங்க கீழ போலாம். நின்ன இடத்தைக் காட்டுங்க."

ஷாப் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் சிவப்புக் காதுமூடிகள் தொங்கின, தடித்த மெத்தை வைத்தவை, விசிட்டருக்கு மட்டும். ஹரீஷ்குமார் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். செல்வம் தனக்கும் ஒன்று எடுத்தார். முனிராஜும் கமலக்கண்ணனும் வெறுங்காதோடு பின்னால் நடந்தார்கள். இத்தனை வருடமாக இப்படித்தான் நடந்திருக்கிறார்கள். இன்றைக்குத்தான் அது முனிராஜின் கண்ணில் பட்டது.

மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் வேறொருவன் நின்று ஓட்டிக்கொண்டிருந்தான். முனிராஜ் தான் நின்ற இடத்தில் நின்றான். செல்வம் போன் கேமராவை உயர்த்தினார்.

"ஒரு நிமிசம் சார்" என்று முனிராஜ் பைக்குள் கையை விட்டான். சாம்பல் நிற வெல்வெட் மெத்தை வைத்த பெரிய ஹெட்போன். பின்பக்கம் மூடியில்லை, வலைதான். அதோடு சிடி பிளேயர்.

"இதுதான் சார் நான் ஜாஸ்தி கேக்கற செட்டு. ஜெர்மனில செஞ்சது. அறுநூறு ஓம். பெரிய மெஷின் இருந்தாத்தான் இது வாயத் தொறக்கும். எங்கிட்ட அந்த மெஷின் இல்ல. இந்தச் சின்ன டப்பாதான் இருக்குது. சவுண்ட நீங்களே வெய்யுங்க. எவ்ளோ தூரம் போவுதோ அவ்ளோ தூரம் வெய்யுங்க. நான் எந்தச் சத்தத்துல காதக் கெடுத்துக்கினேன்னு உங்க காதால கேட்டு எழுதுங்க."

காதுமூடிக்குள் பாதிதான் கேட்டிருக்கும். ஹரீஷ்குமார் மூடியை ஒரு பக்கம் தூக்கி, "என்ன?" என்றார்.

"அதக் கழட்டிட்டு இத மாட்டுங்க!"

செல்வம் குறுக்கே வந்தார். "சார், வேணாம். மஃப் இல்லாம ஷாப் ஃப்ளோர்ல நிக்கக் கூடாது. சேஃப்டி ரூலு."

"அந்த ரூலு யாரு தலைக்கு சார் எழுதினது?" என்று கத்தினான் முனிராஜ். "எங்க தலைக்கு எங்க?"

பக்கத்து பிரஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலாம் நம்பர்க்காரன் பட்டனிலிருந்து கையை எடுத்தான். இரண்டு பெண்கள் பேக்கிங்கிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கமலக்கண்ணன் ஃபோர்க்லிஃப்ட்டின் மேல் சாய்ந்து கை கட்டிக்கொண்டான். பயந்துவிட்டார் என்று சொல்லக்கூடாதே என்பதற்காகவே ஹரீஷ்குமார் சிவப்பு மூடியைக் கழற்றிச் செல்வத்தின் கையில் கொடுத்தார். ஹெட்போனை வாங்கி மாட்டினார். முனிராஜ் பிளேயரை அவர் கையில் வைத்தான். அவரே சக்கரத்தைத் திருப்பினார். அது கடைசி வரை போய் நின்றது. இன்னும் திருப்பினார். அதற்கு மேல் போகவில்லை.

சிடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பிரஸ் இறங்கியது. ஹரீஷ்குமாரின் தோள் துள்ளியது. கண்ணை இறுக மூடினார். மறுபடியும் இறங்கியது. ஹெட்போனின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் காதோடு அழுத்தினார். மூன்றாவது அடி. நாலாவது. நெற்றி சுருங்கி, சட்டை காலருக்கு மேலே கழுத்து சிவந்தது. ஏதோ கேட்டுவிடுமா என்று தலையைச் சாய்த்தார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் அவருடைய வாயையே பார்த்தார்கள். இந்த ஷாப்பில் பேச்சை வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள்.

ஹரீஷ்குமார் கண்ணைத் திறந்து முனிராஜைப் பார்த்து, அந்தச் சத்தத்துக்கு மேலே எழும்படி, தொண்டை கிழியக் கத்தினார்:

"பாட்டு எங்கய்யா? உங்க பிரஸ் அடிக்கறதுதான்யா காதுக்குள்ள எறங்குது!"